கொசுவுக்குப் பிடித்த கை

பிப்ரவரி 3
கூண்டுக்குள் கையை விட்டேன். வழக்கம்போல் மொய்த்துவிட்டன. எங்கள் ஆய்வகத்தின் அளவுகோலே என் கைதான். வேறு யார் கையையும் கொசுக்கள் இப்படி விரும்புவதில்லை. ஆறு வருட ஆராய்ச்சியில் நான் சம்பாதித்த ஒரே பெயர். இந்தக் கெயின்ஸ்வில் ஊரில் வேறு யாரும் என்னைத் தேடி வருவதில்லை என்பதால் கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 10
இன்று மருந்துப் பரிசோதனை. கூண்டில் வைத்தால், கொசுவின் மணமறியும் ஏற்பிகளை அது அடைத்துவிடும். மனித வாடையே தெரியாது. என்னுடன் ஆராய்ச்சி செய்யும் நெவா கையை விட்டாள். ஒன்றுகூட வரவில்லை. அடுத்து நான். பந்திக்கு முந்துவதுபோல் வந்தன!

பேராசிரியை ஹோல்ம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்லோ, உன் கையிலயே வேலை செய்யலன்னா இத எவன் ஒத்துப்பான்? மே மாசத்துக்குள்ள காரணத்தக் கண்டுபிடி. இல்லன்னா டாக்டர் பட்டத்த மறந்துடு."

பிப்ரவரி 11
தூக்கமில்லை. அரிப்பு வேறு.

பிப்ரவரி 24
மருந்தைக் கூட்டினேன். சோப்பை மாற்றினேன். பூண்டு சாப்பிடுவதை நிறுத்தினேன். இன்னும் கடிக்கின்றன. நான் என்னதான் பாவம் பண்ணேன்? பயமாக இருக்கிறது — இந்த வயதில் அம்மா வீட்டு மாடியறைக்கே திரும்பிப் போவதா?

மார்ச் 6
மருந்து வைத்த கூண்டுக்குள் கையை விட்டு, அதன்மேல் குனிந்து கொசுக்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாடகை, மழை, கூடைப்பந்து. நெவா பின்னால் வந்து நின்றாள்.

"தினமும் இப்படித்தான் பேசுவியா?"

"பாவம், அதுங்களுக்கும் பொழுது போகணும்ல."

"அடப்பாவி! உன் மூச்செல்லாம் அதுங்க மேலதான போகுது. மூச்சுக்காத்த உணர்ற ஏற்பி வேற. நம்ம மருந்து அத அடைக்காது. வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காரு!"

ஆறு வருடமாக எல்லோரும் சொல்ல நினைத்ததை ஒருத்தி சொல்லிவிட்டாள். திரும்பி உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை.

ஒரு கொசுகூட வரவில்லை.

மே 14
பட்டம் கிடைத்துவிட்டது! மணமறியும் ஏற்பியை அடைத்தாலும் மூச்சு வழியாகக் கொசு ஆளைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு என் வாயே சாட்சி. "நீ மட்டும் வாயாடியா இல்லன்னா இந்த ஆய்வே இல்ல," என்று ஹோல்ம் என்னைக் கட்டியணைத்தார்.

மே 16
மேசையைக் காலி செய்தேன். கடைசியாக ஒருமுறை, மருந்து வைத்த கூண்டில் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தேன். மருந்து அருமையாக வேலை செய்கிறது. ஒன்றும் கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கூண்டின்மேல் குனிந்து, "சரி, போயிட்டு வரேன்," என்றேன்.

எல்லாம் ஓடி வந்தன.