பவித்ராவின் தோல் துண்டு

என் கண்ணு செல்விக்கு,

கொரோனாவுல ஊரே மூக்கைக் கட்டிக்கினு திரிஞ்சதுக்குப் பின்னால, பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடிச்சே, அந்த வருஷம் நீ போய்ச் சேந்துட்டே. உன் மவ பவித்ராவுக்கு அப்ப மூணு வயசு. இப்ப ஏழு, பேச்சு இன்னும் வரல. ஆட்டிசம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற ஒரு சென்டர்ல, ஆம்பூர்லயே சேர்த்திருக்கேன்.

அங்க பெத்தவங்க எழுதுற புஸ்தகம் போடுறாங்க. பெத்தவ நீ இல்லையே, அதான் உனக்கே சொல்றேன். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுறது அவ டீச்சர் ஷபானா. நான் சொல்றதைத்தான் எழுதுதா இல்லியான்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டு ரெண்டு தரம் படிச்சுக் காட்டச் சொல்றேன்.

ஆரம்பத்துலேர்ந்தே இந்த டீச்சர் பொண்ணு மேல எனக்கு சந்தேகம். பிஸ்கட்டுக்கும் பலூனுக்கும் பவித்ரா மசியல. கண்ணாடி துடைக்க என் ஜேபியில வெச்சிருந்த ஷூ தோல் துண்டு ஒரு நாள் கீழ விழுந்துச்சு. பவித்ரா அதை எடுத்துக் கன்னத்துல தேய்ச்சுக்கிட்டா. அன்னிலேர்ந்து துண்டு டீச்சர் டப்பாவுல. "தண்ணி எது?"ன்னா சரியான படத்தை எடுத்து நீட்டணும். அப்பதான் துண்டு கைக்கு வரும். டீச்சர் பத்து எண்ணிட்டுத் திரும்ப வாங்கிக்கும்.

"இன்னாம்மா, சர்க்கஸா நடத்துற?"ன்னேன்.

"வீட்ல மட்டும் குடுத்துடாதீங்க தாத்தா. இங்க அதுக்கு மவுசு போய்டும்."

நாப்பது வருஷம் தோல் ரகம் பிரிச்சவன் நான். தடவினாலே பழுது தெரியும். இவ பேச்சுல என்னவோ பழுதுன்னு பட்டுச்சு. கம்பெனியில சொல்லி ஒரு பை துண்டு வாங்கியாந்து பவித்ரா மடியில கொட்டினேன். சிரிச்சா, செல்வி. உன் சிரிப்பேதான்.

அப்புறம் சென்டர்ல அவ படத்தைத் தொடல. துண்டைக் காட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. டீச்சர் சோப்பு நுரை, கிலுகிலுப்பைன்னு மாத்தி மாத்திப் பார்த்துச்சு. "வீட்ல குடுக்கிறீங்களா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. "சீச்சீ"ன்னுட்டேன். பாடம் நடத்தத் தெரியாம என் மேல பழி போடுதுன்னு தெருவெல்லாம் சொன்னேன்.

முந்தாநாள் தாகத்துல பவித்ரா தன் கையையே கடிச்சுக்கிட்டா. தண்ணிப் படம் எதிர்லதான் கிடந்துச்சு. போன மாசம் எடுத்து நீட்டினவ. வீட்ல நான் கொட்டின துண்டாலதான் அதை விட்டுட்டான்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

இங்க டீச்சர் பேனா நின்னுபோச்சு. "இதையும் எழுதும்மா"ன்னேன். "எனக்கும் உங்க மேல சந்தேகம் இருந்துச்சு தாத்தா"ன்னுட்டு எழுதுது.

துண்டுப் பையைக் கொண்டாந்து டீச்சர் மேஜை மேல வெச்சுட்டேன். வீட்ல இனி ஒரு துண்டு இருக்காது. ஆனா தினமும் ஜன்னலோரம் உக்காருவேன், பத்தும் முழுசா எண்ணுதான்னு பாக்க. நான் கண்ணை மூடுறதுக்குள்ள அவ தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பா. இது உனக்கு என் வாக்கு. பவித்ராவைப் பாத்துக்க உங்கம்மா இல்ல, அவ அப்பன் இல்ல, நீயும் இல்ல.

அவளுக்குன்னு மிச்சம் இருக்கிற
உன் அப்பன் ஏழுமலை