வாசலைவிட மூன்று அங்குலம்

9 நவம்பர் 1959, திங்கள்

மழை விடவில்லை. ஆறாம் பாரம் பெண்களின் கணக்கு நோட்டு நாற்பதை நனையாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் தோள் விட்டுப்போயிற்று. வந்தால் வீட்டில் இது.

எங்கள் வரிசையில் ஆறு வீடு. ஒரே நீளத் தாழ்வாரம், ஒரே பச்சைக் கதவு. எங்களுடையது நாலாவது. அவர் இன்று மாலை எங்கள் வீடென்று மூன்றாவது வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, "தாட்சா, காப்பி கொண்டா" என்று எனக்குக் குரல் கொடுத்திருக்கிறார். சந்திரம்மாவின் மருமகள் அங்கே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அவள் போட்ட அலறல் தெருமுனையில் எனக்கே கேட்டது.

"கண்ணு தெரியலன்னா வூட்லயே குந்த வைங்க டீச்சரம்மா. எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள் சந்திரம்மா. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

அவர் மட்டும், "வெத்தலக்கடை பாலையா நடுவுல பேச்சு குடுத்துட்டான். எண்ணிக்கை தப்பிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். முனை விளக்குக் கம்பத்திலிருந்து எங்கள் கதவுக்கு நாற்பத்திரண்டு தப்படி. பார்வை போக ஆரம்பித்த காலத்திலிருந்து அந்தக் கணக்கில்தான் வீடு வருகிறார். முப்பது வருஷம் சர்வேயர். "என் தப்படி முப்பது அங்குலம். அளக்கச் செயினே வேணாம்" என்று கல்யாணமான புதிதில் பீற்றிக்கொள்வார்.

10 நவம்பர்

அவர் வெளியே போகவில்லை. ரீடிங் ரூமுக்கும் போகவில்லை.

15 நவம்பர், ஞாயிறு

கார்வேட்டிநகரத்திலிருந்து கொழுந்தனார் திருவேங்கடம் வந்தார். யார் சொன்னார்களோ. "நீங்க இஸ்கோலுக்குப் போய்க்கினு எத்தினி நாளு இதெல்லாம் பாப்பீங்க அண்ணி? தை பொறந்ததும் வண்டி கட்டிக்கினு வரேன். அண்ணன் ஊர்ல வந்து கட்டில்ல குந்திக்கினு இருக்கட்டும். வேளைக்குத் துன்னுட்டுப் படுக்கட்டும்."

நல்ல மனுஷர்தான். ஆனால் துன்னுட்டுப் படுப்பதற்கு இவருக்கு என்ன வயது? ஐம்பத்திரண்டு.

இவர் மறுத்துப் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். கொழுந்தனார் அதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. பள்ளிவிட்டு வந்து, கதவைச் சாத்தி, யாருக்கும் காது கொடுக்காமல் ஒரு தூக்கம். சீ.

21 நவம்பர், சனி

கடைத்தெருவில் ஒரு தேங்காய்நார் மிதியடி வாங்கினேன். பதினைந்து அங்குலம் நீளம், பத்து அகலம். வரிசையில் வேறு யார் வாசலிலும் மிதியடி கிடையாது. காலில் நார் பட்டால் எங்கள் வீடு. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

"எண்ண வேண்டாம். யார் பேச்சுக் கொடுத்தாலும் பேசிக்கொண்டே வாருங்கள். கால் சொல்லும்" என்றேன்.

"கலெக்டர் பங்களா ஆயிடுச்சா நம்ம வூடு?" என்றார். பன்னிரண்டு நாளில் முதல் கிண்டல்.

22 நவம்பர், ஞாயிறு

மழை விட்ட நேரத்தில் கெஞ்சி ரீடிங் ரூமுக்கு அனுப்பினேன். கதவுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தோடு வந்தார், எங்கள் வாசலுக்கு வந்தார், மிதியடியைத் தாண்டினார். ஒரு கால் இந்தப் பக்கம், மறு கால் அந்தப் பக்கம். நார் செருப்பில் படவே இல்லை. கூப்பிட வாய் வரவில்லை எனக்கு. கடைசிச் சுவரில் கை மோதிய பிறகுதான் நின்றார். அங்கேயே நின்றார், ரொம்ப நேரம்.

இரவு சாப்பிடும்போது, "திருவேங்கடம் வரட்டும்" என்றார்.

23 நவம்பர், திங்கள்

காலையில் தாழ்வாரக் கல்லில் அவருடைய நேற்றைய சேற்றுத் தடம் காய்ந்திருந்தது. பள்ளி மர ஸ்கேலை எடுத்துக் குனிந்து அளந்தேன். சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த தொலைச்சீங்க டீச்சரம்மா?"

குதியிலிருந்து குதிக்கு இருபத்தாறு. மறுபடி அளந்தேன். இருபத்தாறு. அடுத்ததும் அடுத்ததும் அதே இருபத்தாறு.

முப்பது இல்லை. தப்படிக்கு நாலு அங்குலம் குறைந்துவிட்டது. நாற்பத்திரண்டு தப்படிக்கு நூற்று அறுபத்தெட்டு அங்குலம். பதினான்கு அடி. சரியாக ஒரு வீட்டு அகலம்!

அன்று மூன்றாவது வீட்டுக்குள் போனது பாலையா பேச்சுக் கொடுத்ததால் இல்லை. இருட்டுக்குப் பயந்து கால் குறுகியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. இதை எப்படி அவரிடம் சொல்வேன்? கண் போனது போதும். இதையும் நான் சொல்லவா? மாட்டேன்.

செருப்புத் தடம் பத்து அங்குலம். இரண்டு தடத்துக்கு நடுவில் பதினாறு வெறுமை. அதில்தான் என் பதினைந்து அங்குல மிதியடி கிடந்திருக்கிறது. எந்தக் கால் எங்கே விழுந்தாலும் ஒரு பாதம் முழுதாக நாரில் படவேண்டும் என்றால் இருபத்தாறும் பத்தும், முப்பத்தாறு. மூன்று அடி.

எங்கள் வாசல் இரண்டே முக்கால் அடிதான்.

28 நவம்பர், சனி

மதியம் பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். பாய்க்கடை வரதராஜன் பொறுமையானவர், ஆனால் விடாப்பிடி. "வாசலுக்கு ரெண்டு விரக்கடை கம்மியாத்தான் மிதியடி போடணும் டீச்சர். கதவ விடப் பெருசாப் போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க. முப்பது அங்குலம் தரேன், எடுத்துக்கினு போங்க."

"சிரிக்கட்டும். முப்பத்தாறு வேண்டும். ஒரு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம், தடுக்கும்."

"அந்த அளவு கெடையாது. சொல்லித்தான் செய்யணும். மாசம் ஒண்ணு ஆவும்."

தை பிறக்க ஆறு வாரம் இருக்கிறது. செய்யச் சொன்னேன்.

19 டிசம்பர்

அரை வருஷப் பரீட்சைத் தாள். கண் எரிகிறது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதே குறைந்துவிட்டது. பேப்பரில் மாநில எல்லை பிரிக்கிற செய்தி வந்தால் மட்டும் படிக்கச் சொல்கிறார். "நான் செயின் போட்டு அளந்த ஊருங்க எந்தப் பக்கம் போவுதோ" என்கிறார்.

9 ஜனவரி 1960, சனி

மிதியடி வந்துவிட்டது. பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்தேன். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அங்குலம், அந்தப் பக்கம் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

சந்திரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, வாசல விடப் பெருசு? யானையா வரப்போவுது? நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்கும் ஒண்ணு சொல்லுங்க."

ஒரே மாதிரி இரண்டு வாசலா? வாயைத் திறக்குமுன் அவளே என் முகத்தைப் பார்த்தாள், மிதியடியைப் பார்த்தாள், உள்ளே நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"வாணாம் வாணாம். எங்க வாசல்ல போட்டா சர்வேயரு மறுபடியும் காப்பி கேப்பாரு" என்று சிரித்துவிட்டாள். போகும்போது குரலைத் தணித்து, "வரட்டும், ஒரு காப்பிதானே" என்றாள்.

10 ஜனவரி, ஞாயிறு

அரை மணி மன்றாடினேன். போனார். வந்தார். நாரில் கால் பட்டது, நின்றார், திரும்பினார், உள்ளே வந்தார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

17 ஜனவரி, ஞாயிறு

திருவேங்கடம் வண்டியோடு வந்தார். இவர் அப்போதுதான் ரீடிங் ரூமிலிருந்து தனியாக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்கு இங்க வேலை கீது தம்பி. நீ சாப்டுட்டுப் போ" என்றார். வண்டி காலியாகப் போயிற்று.

26 ஜனவரி, செவ்வாய்

பள்ளியில் கொடியேற்றிவிட்டு வந்தால் அவர் வாசலில் குந்தியிருக்கிறார். மிதியடி மேல் கை. சாண் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு சாண். மூணு அடி. வாசல் ரெண்டே முக்கால். எதுக்கு மூணு?"

"கடையில் அதுதான் இருந்தது."

"பொய் சொல்றே. கடையில முப்பதுக்கு மேல கெடையாது. ஆபீசுக்கு எத்தினி வாங்கிப் போட்டிருக்கேன்." மறுபடி நார் ஓரத்தைத் தடவினார். "என் செருப்பு பத்து. மிச்சம் இருபத்தாறு. எப்ப அளந்தே?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்றைக்கு மழையில். சேற்றுத் தடத்தில்."

விரலால் கல்லில் ஏதோ கணக்குப் போட்டார். நாலு, நாற்பத்திரண்டு, நூற்று அறுபத்தெட்டு — முணுமுணுப்புக் கேட்டது. நான் அழுகையைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"அப்படின்னா நான் எண்ணினது சரி!" என்றார். "பாத்தியா? எண்ணிக்கை தப்பல தாட்சா. தப்படிதான் குறைஞ்சிருக்குது. இனிமே நாற்பத்திரெண்டு கெடையாது, நாற்பத்தெட்டரை. மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

இரண்டு மாதம் நான் மூடி மூடி வைத்தது இதைத்தான்.

1 ஏப்ரல், வெள்ளி

திருத்தணி இன்று முதல் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். சாயங்காலம் ரீடிங் ரூமில் பேப்பரை உரக்கப் படிப்பார்கள் என்று நாலரைக்கே கிளம்பிவிட்டார்.

வருஷப் பரீட்சைத் தாள் நூற்றுப் பத்து. முதுகு விட்டுப்போகிறது. பாதியில் வெளியே அவர் குரல். யாரிடமோ எந்த ஊர் எங்கே போயிற்று என்று சொல்லிக்கொண்டே வருகிறார். எண்ணவில்லை. பேச்சு ஓரிடத்தில் நின்றது. நாரில் செருப்பு தேயும் சத்தம்.

நான் எழுந்து போகவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.