முட்டை அட்டையில் ஒரு கைக்கடிகாரம்

பிப்ரவரி 9, திங்கள்

இலேசான பனி, எட்டு மணிக்கெல்லாம் விலகிவிட்டது. மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. இன்றைய வேலை: தம்பி சென்னியப்பனின் கைக்கடிகாரம்.

காரணம் எழுதிவைக்க வேண்டும். நேற்று அவன் குளித்துக்கொண்டிருந்தபோது எடுத்துப் பார்த்தேன்: சரியாக இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். நாற்பது ஆண்டாக யாரும் திறந்ததில்லை. எண்ணெய் உறைந்திருக்கும், சந்தேகமில்லை. மறதி நோய் வந்தபின் அவனுக்குப் பசி தெரிவதில்லை. முள்ளைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறான்: எட்டரைக்கு இட்லி, ஒரு மணிக்குச் சோறு, எட்டு மணிக்குக் கோதுமை தோசை. முப்பத்தோரு ஆண்டு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளின் தம்பி, தவறான மணிக்கு வாய் திறப்பதா?

பேருந்து நிலையத்துக் கடைக்காரருக்கு பேட்டரி மாற்றத்தான் தெரியும். "இத கோயமுத்தூருக்குத்தான் அனுப்போணும்ங்க. ஒரு மாசமாவது ஆவும்." ஆகவே நானே. இதற்கு முன் பிரித்தவை: என்னுடைய இரண்டு. அவற்றில் ஒன்று ஓடுகிறது.

கருவிகள்: புருவ இடுக்கி, சிறு திருப்புளிகள் ஐந்து, கண்ணில் இடுக்கும் லென்ஸ், வெள்ளைப் பெட்ரோல், எண்ணெய் தொட ஓர் ஊசி. பாகங்களை வைக்க முப்பது குழியுள்ள முட்டை அட்டை. குழிக்குள் பென்சிலால் 1 முதல் 30 வரை எண். கழற்றும் வரிசையில் போட்டு, தலைகீழ் வரிசையில் எடுத்தால் போதும். என் யோசனைதான், திருப்தி.

தம்பி பெண்டாட்டி நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அண்ணி, ஓடற கடியாரத்த எதுக்குங்க நோண்டறீங்க?"

"மெதுவாக ஓடுகிறது."

ஏதோ சொல்ல வந்தாள். அடுப்பில் பால். போய்விட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மின்விசிறி போட முடியாது, திருகுகள் பறக்கும். வியர்வை லென்ஸில்.

பிரித்தது முழுவதும். 1: பின்மூடி. 5: முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தின் திருகு. 6: பாலமும் சக்கரமும், மயிரிழை போன்ற சுருளோடு. 17 வரை நிரம்பிவிட்டது. உள்ளே எதிர்பார்த்த அழுக்கு இல்லை. வியப்பு. இருந்தாலும் எல்லாவற்றையும் பெட்ரோலில் அலசினேன், எண்ணெய் தொட்டேன். சுருளிலும் ஒரு துளி விழுந்துவிட்டது. துடைத்தேன்.

கை நடுக்கம் பத்து மணிக்கு மேல் கூடுகிறது. காப்பியை நிறுத்த வேண்டும்.

இதற்கிடையில் தம்பி பக்கம் தொல்லை. காலையில் இட்லி தொடவில்லை. மதியமும் இல்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் மணி ஆவுல." சுவர்க்கடிகாரத்தைக் காட்டினாள் நல்லம்மாள். "அது கரண்டுல ஓடறது. கரண்டு போனா மணியும் போயிரும்" என்றான். அது பேட்டரிதான், சொல்லிப் பயனில்லை. என் பேட்டரிக் கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினேன். காதில் வைத்துப் பார்த்தான். "இதுக்கு மூச்சே இல்லியே, அக்கா."

மூன்று மணிக்கு அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை சில்லிட்டு, பேச்சுக் குழறியது. சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் கொடுத்திருக்கிறாள், சோறு போகவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிய பிறகு தெளிந்தான். டாக்டரம்மாவுக்குப் போன். சாப்பிடாமல் மாத்திரை கொடுக்கக் கூடாதாம். இரண்டு நாளுக்கு மேல் இப்படிப் போனால் கூட்டிவந்து சேர்த்துவிடச் சொன்னார். போன தடவை சேர்த்தபோது ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்தவன்.

நல்லம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

அட்டையைக் காணவில்லை.

ஏழரைக்குக் குளித்துவிட்டு வந்தால் மேசை சுத்தம். மூடியிருந்த துணி மடித்து நாற்காலியில். லென்ஸ், இடுக்கி வரிசையாக. அட்டை மட்டும் இல்லை. நல்லம்மாளைக் கேட்டேன்.

"அட்டையுங்களா? கோழிக்கொட்டாய்க்குப் போறவளுக்கு அது கண்ணுல பட்டுது, எடுத்துட்டுப் போயி அடுக்குல வெச்சுட்டேன்."

"உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லையா?"

"கண்ணாடி போடலீங்க. பூச்சி எச்சம்னு நெனச்சேன்."

அவள்மேல் குற்றமில்லை. காலியான முட்டை அட்டை எங்கே கிடந்தாலும், அந்தப் பக்கம் போகிறவர் கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எலி கடிக்கக் கூடாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுச் சட்டம். நானே ஆயிரம் முறை செய்திருக்கிறேன். கடிகாரத்தை வைக்க இந்த வீட்டில் இருப்பதிலேயே ஆபத்தான பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். காலி அட்டைகளை அடுக்கினால் ஒன்றின் குழி மற்றொன்றின் குழிக்குள் உட்காரும். ஆகவே பாகங்கள் அந்தந்தக் குழியிலேயே சிறைப்பட்டிருக்கும். உருவி எடுத்து முட்டை அடுக்காதவரை.

கொட்டகையில் மாராயி முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபது ஆண்டாக இங்கே வேலை செய்கிறவள்.

"மாராயி, கையை எடு!"

"அய்யோ சாமி, என்னுங்கம்மா?"

அவள் மடிக்கு முன்னால் என் அட்டை. முதல் வரிசையில் ஆறு முட்டை.

"குழிக்குள்ள நெம்பரு போட்டிருந்துச்சுங்க, அடியில தகடும் கெடந்துச்சுங்க. முட்டைக்கும் ஆதார் குடுத்துட்டாங்களாட்டமிருக்குதுன்னு சிரிச்சுக்கிட்டே அடுக்கறேன்."

"சிரித்தது போதும். ஒவ்வொன்றாக, நேராகத் தூக்கு."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: பின்மூடி முதல் எல்லாம் இருந்தன. ஐந்தாம் குழி காலி. திருகு இல்லை. ஆறாவது முட்டையை நானே தூக்கினேன். சக்கரம் குழியின் அடியில், சுருள் நசுங்காமல். முட்டை பக்கங்களில் தொட்டு நின்றதால் அடியில் இடம் இருந்திருக்கிறது. கோழி முட்டையை உருண்டையாக இடாததற்கு முதல்முறையாக நன்றி.

திருகைத் தேடி இருவரும் தரையில். மாராயிதான் கண்டுபிடித்தாள். ஐந்தாம் குழியிலிருந்த முட்டையின் அடியில் ஈரமான எச்சம். அதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

"கோழி போட்ட கோந்துங்கம்மா. கொறை சொல்லப்படாது."

பகல்: தம்பிக்கு ஒரு மணிக்கு இரண்டு வாய் மோர்ச்சோறு, நல்லம்மாள் கெஞ்சியதால். மாத்திரை நிறுத்தம். மாலை சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. டாக்டரம்மா சொன்ன கெடுவில் நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

அட்டை நார் எல்லாப் பாகங்களிலும். மறுபடி அலசல்; சுருளை மட்டும் ஊதிவிட்டதோடு சரி, தொடப் பயம்.

பிப்ரவரி 12, வியாழன்

காப்பி இல்லை. ஒவ்வொரு முழங்கைக்கு அடியிலும் ஒரு சிறு துவரம்பருப்பு மூட்டை. ஆறரைக்கு உட்கார்ந்தேன், நடுக்கம் வருவதற்குள் முடிக்க வேண்டும். கதவில் தாழ். தாழ் நல்லம்மாளுக்காக அல்ல, அட்டைச் சட்டத்துக்காக.

17, 16, 15... பல்சக்கரங்கள் நான்கும் தத்தம் அச்சைத் தாங்கும் கல்லில் உட்கார ஒரு மணி நேரம். மூச்சை வெளியே விட்டபின், அடுத்ததை இழுக்குமுன், கை ஓரளவு அசையாமல் நிற்கிறது. அந்த இடைவெளியில் மட்டும் வேலை.

9.10: பேலன்ஸ் உள்ளே. அசைவில்லை.

9.25: கழற்றி மறுபடி. அசைவில்லை.

9.40: சாவி கொடுக்கவே மறந்திருக்கிறேன். நான்கு சுற்று. ஓடியது.

அழவில்லை. குறிப்பாக எழுதுகிறேன், பின்னாளில் நல்லம்மாள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

பத்து மணியிலிருந்து செல்போனோடு ஒப்பிட்டேன், இம்முறை அரை மணிக்கு ஒருமுறை. மணிக்கு மூன்று நிமிடம் முந்துகிறது. தெரியும், அந்த எண்ணெய்த் துளி. சுருளின் வளையங்கள் ஒட்டிக்கொள்கின்றன. திறந்து கழுவினால் சரியாகும். இன்னும் இரண்டு நாள். இரண்டு நாள் அவனிடம் இல்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் கொண்டுபோனேன், ஒரு மணி என்று வைத்து.

காதில் வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான். பிறகு முள்ளைப் பார்த்தான்.

"நல்லம்மா, மணி ஒண்ணாச்சு. சோத்தப் போடாம என்ன பண்ற?"

இரண்டு முறை சோறு வாங்கினான். நல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வெயில் என்றாள். வெயில்தான்.

நான் கை கழுவிக்கொண்டே அவளிடம் உண்மையைச் சொன்னேன்: "முன்பு இருபது நிமிடம் மெதுவாக ஓடியது. இப்போது வேகமாக ஓடுகிறது. மன்னித்துக்கொள்."

"அது எங்கீங்க அண்ணி மெதுவா ஓடுச்சு? தெனமும் அவுரு குளிக்கப் போறப்ப நாந்தான் சுவத்துக் கடியாரத்தப் பாத்து, அதுக்கு இருவது நிமிசம் பின்னால இருக்கற மாதிரி திருப்பி வெப்பேன். கொட்டாய் வேலய முடிச்சுட்டு வந்து சோறாக்கோணுமில்லீங்க?"

"திங்கட்கிழமை ஏன் சொல்லவில்லை?"

"பால் பொங்கிருச்சு. அப்புறம் நீங்க படிச்சவிங்க, வேற ஏதாச்சும் கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு உட்டுட்டேன்."

பிப்ரவரி 13, வெள்ளி

பனியில்லை.

நல்ல கடிகாரத்தைப் பிரித்திருக்கிறேன். ஒரே ஓர் அளவு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, குளியல் நேரத்தில். திங்கட்கிழமை இன்னொரு முறை பார்த்திருந்தால் இருபது இருபதாகவே நின்றிருக்கும்; ஓட்டத்தில் பிழையில்லை, யாரோ திருப்பி வைக்கிறார்கள் என்று விளங்கியிருக்கும். ஒரே அளவில் முடிவெழுதிய மாணவியரின் செய்முறை ஏடுகளை எத்தனை முறை திருப்பி வீசியிருக்கிறேன்.

நல்லம்மாளுக்குக் கவலையில்லை. "வேகமா ஓடுனா இன்னுங் கொஞ்சஞ் சேத்தித் திருப்பிக்கறேன், உடுங்க." கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது: காலையில் ஒரு தரம், அவன் மதியம் கண்ணயரும்போது ஒரு தரம்.

இட்லி நான்கு. மாத்திரை மறுபடி தொடக்கம்.

பதினோரு மணிக்கு நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் மணிக்கட்டைப் பிடித்துத் தன்னுடையதோடு சேர்த்துவைத்துப் பார்த்தான்.

"அக்கா, உன்ற கடியாரம் மெதுவா ஓடுது. கழட்டிக் குடு, தொறந்து பாக்கறேன்."

கழற்றிக் கொடுத்தேன்.