நூருன்னிசா சொல்லாத பெயர்

தெம்பனிஸ்
செவ்வாய்க்கிழமை காலை

பிரியமுள்ள நூருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் சுகம் என்று எழுதினால் அது பொய். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. டெஸ்ட்டில் ஃப்ளூ என்று வந்துவிட்டதால் சனிக்கிழமை வரை வார்டுப் பக்கமே வரக்கூடாதாம். உனக்கு ஆபரேஷன் வியாழக்கிழமை. வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத காய்ச்சல், நாள் பார்த்து வந்திருக்கிறது.

போனைப் பார்த்தால் உனக்குத் தலை வலிக்கிறது என்று ரஷீதா சொன்னாள். அதனால்தான் காகிதம். உன் மகள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஒரேயடியாக வாசிக்காதே, விட்டு விட்டு வாசி.

வீட்டுச் செய்தி முதலில். நீ சமைத்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் போன டப்பாக்களில் இன்றைக்கு உள்ளதுதான் கடைசி. ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறாய். புதனுக்கு டப்பா இல்லை. அன்றிலிருந்து நான் உன்னோடு ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தேக்காவில் நம் கைலிக் கடையை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். வந்தவர்களுக்குக் கைலியைப் பிரித்துக் காட்டத் தெரிகிறது, திரும்ப மடிக்கத் தெரியவில்லை. பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வைக்கிறான். நீ வந்து பார்த்தால் அவனுக்கு இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டுச் சமையலறையில் யாரோ டம்ளரில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினார்கள். நீ என்னைக் கூப்பிடுகிற அதே சத்தம். எழுந்து சமையலறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்? அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நூரு, ஒன்று சொல்ல வேண்டும். நோன்புக்கு முன்னால் ஒருநாள் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, குடையை நறுக்கட்டுமா என்று கேட்டாய். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். உன் தலைக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் நேற்று வந்து படம் படமாகக் காட்டினாளாமே. சாவி, ஏணி, வாழைப்பழம், குடையைக்கூடச் சரியாகச் சொன்னாயாம். கடைசியில் என் போட்டோவைக் காட்டியதும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாயாம். மூன்று தடவை கேட்டும் வாய் திறக்காததால் அவள் பயந்துபோய் ஏதோ குறித்துக்கொண்டாளாம். அம்மாவுக்குத் தெரியும் லா, சொல்லத்தான் மாட்டாங்க என்று ரஷீதா விளக்கியிருக்கிறாள். சரி, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு, நீ டம்ளரை எடுத்துக் கரண்டியால் தட்டிக் காட்டினாயாம். வார்டே சிரித்ததாம். நானும் சிரித்தேன். என் போட்டோவை எடுத்துவிட்டு வேறு படம் வைக்க நீ தலையாட்டிவிட்டாய் என்று ரஷீதா சொன்னதும் என்னால் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் நம் இருவரிடமும் சொன்னதை நினைத்துப் பார். ஆபரேஷன் நடுவில் உன்னை எழுப்பிப் பேசவைப்பார்கள். நீ படங்களுக்குப் பேர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இடத்தைத் தொட்டதும் வார்த்தை தடுமாறினால், அந்த இடத்தில் கை வைக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் நீ சொல்லாத பேரை அவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்? ரஷீதாவிடம் கேட்டேன். ஒரு பேருக்கு ஓர் இடம் என்றெல்லாம் மூளையில் கிடையாது அத்தா என்கிறாள். படித்தவள், அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று முப்பத்து நான்கு வருஷமாகச் சொல்கிறேன், நீ கேட்டதில்லை. குறைந்தால் குறையட்டும். நீ இல்லாத ஆயுசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

அந்தப் போட்டோவைத் திரும்ப வைக்கச் சொல். வியாழக்கிழமை அதைக் காட்டும்போது என் பேரை ஒரே ஒரு தடவை சொல். நான் அங்கே இருக்க மாட்டேன், என் காதில் விழாது, உனக்கு வெட்கம் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி டம்ளரைத் தட்டு. எந்த அறையில் இருந்தாலும் வந்து நிற்கிறேன்.

அல்லாஹ் உன் நாவைக் காப்பானாக. உன்னை முழுசாக என்னிடம் திருப்பித் தருவானாக.

எப்போதும் ரஷீதா அத்தா என்றுதான் உனக்குக் கையெழுத்துப் போடுவேன். இன்று அப்படிப் போடவில்லை. கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன். ரஷீதா டீ வாங்கப் போகும் நேரம் பார்த்து, ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பழகிக்கொள்.

இப்படிக்கு,
இப்ராஹீம்