ஆஸ்பத்திரி வேனின் எஞ்சின் கவர்

05.05.2025, திங்கள்

எஞ்சின் கவர் ஒரு பொய். கார் செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பொய். பொனட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் பளபளவென்று தெரியும். அதற்குக் கீழே எண்ணெய் ஒழுகினாலும் ஒயர் பிய்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. பலாங்கொடையில் நிமல் பாஸின் கராஜுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒரு கவராவது ஒரு பிரயோசனத்துக்கு உதவி நான் பார்த்ததில்லை.

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேன் வந்தது. டிரைவர் கிருஷ்ணகுமார் அண்ணன். 21ஆம் திகதி கம்பனியிலிருந்து விசிட் வருகிறார்கள். அதற்குள் எஞ்சினைக் கழுவி, கவருக்குப் பொலிஷ் போட வேண்டுமாம். அவ்வளவுதான் ஆபீஸ் சொன்னது.

கவரைக் கழற்றினேன். பெற்றோல் போகும் ரப்பர் குழாயில் கறுப்பு டேப். பத்துச் சுற்றாவது இருக்கும்.

"யாருண்ணே இத சுத்துனது?"

"நாந்தான். பின்ன, தொரையா வந்து சுத்துவாரு?"

"ஆபீஸ்ல சொல்லலியா?"

"மூணு வாட்டி சொன்னேன். நாலாவது வாட்டி சொன்னா சாவிய வாங்கி இன்னொருத்தன்கிட்ட குடுத்துருவாங்க."

பாஸிடம் கவரைத் தூக்கிக் காட்டி, இதனால் என்ன பயன் என்று கேட்டேன். நாங்கள் சிங்களத்தில்தான் சண்டை போடுவோம்; அவருக்கு நான் நங்கி, தங்கச்சி. சத்தம் குறையும், தூசி படாது, கம்பனி சும்மா போடுமா நங்கி என்றார். கம்பனி எதையெல்லாம் சும்மா போடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறக்கவில்லை.

தோட்டத்துக்கு விசிட் என்றால் ரோட்டுப் பக்கம் இருக்கும் முதல் லயத்துக்கு, அதிலும் முன்சுவருக்கு மட்டும், சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்சுவரில் பாசி. மற்ற லயங்களுக்கு அந்த முன்சுவர்ச் சுண்ணாம்பும் கிடையாது. நாங்கள் இதற்கு 'விசிட் சுண்ணாம்பு' என்று பேர் வைத்திருக்கிறோம். யாராவது அதிகமாகப் பவுடர் போட்டால்கூட அந்தப் பேரைத்தான் சொல்லிச் சிரிப்போம். எஞ்சின் கவரும் விசிட் சுண்ணாம்புதான். அதை பாஸுக்குச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

06.05, செவ்வாய்

சத்தம் அளக்கும் அப் ஒன்றை போனில் இறக்கினேன். கவரோடு 71 டெசிபல். கவர் இல்லாமல் 73. பாஸிடம் காட்டினேன். "குறையுதுதானே" என்கிறார்.

07.05, புதன்

ஜொப் காட்டில், வேலை விவரம் எழுதும் அட்டையில், எழுதினேன்: பெற்றோல் குழாய் மாற்ற வேண்டும், அவசரம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கத்துக்கு நானே போன் எடுத்தேன்.

"அது விசிட் முடிஞ்சு பாப்போம்மா. நீ கவர நல்லா மினுக்கிக் குடு."

"ஐயா, பெற்றோல் லீக் ஆனா வண்டி பத்திக்கும்."

"இத்தன நாளு பத்தலியே."

போனை வைத்துவிட்டார்.

என் அக்கா கோகிலாவுக்கு வயிற்றில் எட்டு மாதம். பிள்ளை பிறக்கும் நாள் ஜூன் முதல் கிழமை. அத்தான் கொழும்பில் ஹோட்டல் வேலை. மழை பிடித்தால் எந்த ஓட்டோவும் எங்கள் டிவிஷனுக்கு ஏறாது. அவளைக் கீழே இறக்க இந்த ஒரு வேன்தான். டேப் சுற்றிய வேன்.

08.05, வியாழன்

கவரின் மேலே வெள்ளையாய் ஒரு கறை, பின் ஓரத்திலிருந்து இடது பக்கம் வரை கோடு மாதிரி. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கினேன். பிறகு கராஜுக்குப் பின்னால் பழைய டயர்களுக்குள் ஒளித்து வைத்தேன்.

கிருஷ்ணகுமார் அண்ணனிடம், கவரைப் பிடிக்கிற ரப்பர் நாலும் போய்விட்டது, புதுசு வந்ததும் 21க்கு முன் பூட்டித் தருகிறேன் என்றேன். பொய். விசிட்காரர்கள் பொனட்டைத் தூக்கும்போது டேப்பைப் பார்க்கட்டும். அதுதான் என் திட்டம்.

"என் வேலைக்கு ஒல வைக்காத தாயி," என்றார் அண்ணன். ஆனால் நம்பி, கவர் இல்லாமலே வேனைக் கொண்டுபோனார். அவர் நம்பியதுதான் உறுத்துகிறது.

ஒரு பொய்யைக் கழற்ற இன்னொரு பொய். சரி. இருக்கட்டும்.

12.05, திங்கள் — வெசாக் லீவு

வீட்டுக்கு வந்தேன். முதல் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அக்கா வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"எனக்கும் ஒரு வாளி கேளுடி. வயித்துல அடிச்சுக்கிறேன். விசிட்காரங்க வந்தா புள்ள சொகமா இருக்குனு எழுதிட்டுப் போவாங்க."

சிரித்தோம். அவள் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ஒரு கிழமையாக நல்ல வெயில். வேன் கவர் இல்லாமல் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. பாஸ் இங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன் — எங்கே உங்கள் தூசி?

16.05, வெள்ளி

மூன்று நாளாக மழை.

17.05, சனி

பகல் இரண்டு மணிக்கு கிருஷ்ணகுமார் அண்ணன் போன்.

"துஷி, வண்டி நின்னு போச்சு. பெக்டரிக்கு மேல, மேட்டு வளைவுல. கோகிலா உள்ளதான் இருக்கா."

நாளாகவில்லையே என்றேன். மூணு கிழமை இருக்கே என்றேன். என்ன பேச்சு அது. வயிற்றில் இருப்பதற்குத் திகதி தெரியுமா?

"எப்புடிண்ணே நின்னுச்சு?"

"ஒதறுச்சு. நொண்டி மாடு மாதிரி ஒதறிக்கிட்டே வந்துச்சு. பட்டு பட்டுனு ரெண்டு வாட்டி வெடிச்சு அமந்துருச்சு. இப்ப சாவியப் போட்டா சுத்துது, புடிக்க மாட்டேங்குது."

எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. தண்ணி. பிளக்குல தண்ணி, மேல கவரு இல்ல. நாந்தான்.

தேயிலைக் கொழுந்து லொறி வந்து அக்காவை ஏற்றிக்கொண்டது. பஸ் பிடித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை லொறியிலேயே பிறந்துவிட்டது, கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில், ஊர் எல்லைக்கு இரண்டு மைல் இருக்கும்போது. பெண் பிள்ளை. நீலம் பாரித்திருந்ததாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது. பார்த்தேன்.

கொழுந்து லொறி எஞ்சினுக்குக் கவர் கிடையாது என்று அந்த நேரத்திலும் என் புத்தி யோசித்தது. செருப்பால் அடிக்க வேண்டிய புத்தி.

19.05, திங்கள்

வேனை டிரக்டர் இழுத்துக்கொண்டு வந்து விட்டது. நானே திறந்தேன்.

பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக் மூன்று உள்ள எஞ்சின். பிளக் உட்காரும் குழி இரண்டில் தண்ணீர் நிறைந்திருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் உள்ள ரப்பர் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் வழியாக நேரே எஞ்சின் தலையில் ஊற்றுகிறது. எத்தனை வருடமாகவோ.

டயர்களுக்குள் இருந்து கவரை எடுத்து வந்து பூட்டினேன். குழிகளைத் துடைத்து, கிழிசல் வழியாக ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கவரின் மேல் விழுந்து, பின் ஓரத்திலிருந்து இடது பக்கமாக ஓடிக் கீழே வடிந்தது. குழி காய்ந்தே இருந்தது. கவரைக் கழற்றி இன்னொரு போத்தல். குழி நிறைந்தது.

அன்று நான் சோப்புப் போட்டுத் தேய்த்த கறை தண்ணீர் ஓடிய தடம். கையில் வைத்துக்கொண்டே எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. தோட்டத்தில் மூடி இருப்பதெல்லாம் மறைக்கத்தான் என்று படித்த கண்.

கவர் வேலை செய்திருக்கிறது. இதை நான் எழுதத்தான் வேண்டும். குழாயையும் மறைத்தது, தண்ணீரையும் தடுத்தது. வேன் நின்றது குழாயால் இல்லை. கவர் இல்லாததால். என்னால்.

ஆனால் ஆஸ்பத்திரி வேனுக்கு மழையில் குடை பிடித்தது ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டும்தான் என்றால், அது யாருடைய வேலை?

20.05, செவ்வாய்

பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறாள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவரை ஒளித்ததையும். அவள் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கவரு இல்லாட்டி நின்னு போற வண்டியத்தான் ஆஸ்பத்திரிக்குன்னு வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"அவங்கள என்னன்னு கேளு. ஒன்ன நான் வீட்டுக்கு வந்து கவனிச்சுக்கிறேன்."

சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். வேன் நின்றதற்குக் காரணம் கராஜ் ஊழியர் எஞ்சின் கவரைப் பூட்டாததே. கீழே என் பேர், கையெழுத்துக்கு இடம். கிழிந்த ரப்பரைப் பற்றி ஒரு சொல் இல்லை. 7ஆம் திகதி நான் சொன்ன குழாயைப் பற்றியும் இல்லை.

கையெழுத்து வைத்து முடித்துவிடு என்கிறார் பாஸ். வேறு ஏதாவது எழுதினால் தோட்டத்து வண்டி ஒன்றும் இந்தப் பக்கம் வராது, நீயும் வர வேண்டாம் நங்கி. கத்தவில்லை அவர். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கத்தியிருக்கலாம்.

21.05, புதன்

கராஜுக்குப் போகவில்லை. காலை பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்து நேரே ஆபீஸுக்குப் போனேன்.

விசிட்காரர்கள் பங்களாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் வாசலில் நின்றது, கவர் பூட்டி, கழுவி. அவர்கள் வேனைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்களாம். பொனட்டை யாரும் தூக்கவில்லை என்று கிருஷ்ணகுமார் அண்ணன் சொன்னார். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பெரிய கிளாக்கரின் மேசையில் கடிதத்தை வைத்தேன். கையெழுத்து வைத்திருந்தேன். அதற்குக் கீழே என் கையால்: கவரை வேண்டுமென்றே ஒளித்து வைத்தேன், அது என் தப்பு. கண்ணாடிக்குக் கீழ் ரப்பர் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. பெற்றோல் குழாய் டேப்பில் நிற்கிறது, மே 7ஆம் திகதியே அறிவித்தேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"இதெல்லாம் யாரு ஒன்ன எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல. என் தப்ப நான் எழுதிட்டேன் ஐயா. மத்தத நீங்க எழுதுங்க."

"போம்மா. ஆளுங்க வந்திருக்கிற நேரத்துல."

"போறேன். வேற ஒண்ணும் கேக்கல. ரப்பரும் குழாயும் எந்தத் திகதிக்கு மாத்துவீங்க?"

அவர் கடிதத்தை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். வெளியே விசிட்காரர்களின் ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றேன். அவர் முதுகைப் பார்த்து, ஜீப்பில் இருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று சிங்களத்திலும் ஒரு தடவை, தமிழிலும் ஒரு தடவை கேட்டேன்.

"திகதி சொல்லுங்க ஐயா."