பொட்டு வைக்காத சாவி

இன்று காலை சிராங்கூன் சாலைக் கடையில் கிராம்பு மூட்டையைப் பிரித்தார்கள். வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன், பாய். உங்கள் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம் உள்ள நம் பட்டறைக் கதவைத் திறந்தால், எண்ணெய் நெடிக்கு முன்னால் அந்த வாசனைதான் வரும்.

பட்டறைக்கு நாம் இருவர்தான். துரைமார் படம் வரைந்து கொடுப்பார்கள். நாம் பித்தளையைக் கடைந்து கருவியாக்கிக் கொடுப்போம். அவற்றில் காற்றின் அழுத்தத்தைத் தாளில் கோடாக இழுக்கும் கருவிதான் நமக்குத் தலைவலி. தினமும் காலை எட்டு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். தவறினால் மதியத்துக்குள் நின்றுவிடும். மூன்று வருடமாக அறாத கோடு அது. அறுந்தால் நம் சீட்டுக் கிழிந்துவிடும் என்று துரை சொல்லியிருந்தார்.

ஆயுத பூசையன்று நான் எதையும் இயக்கமாட்டேன். அந்த ஒரு நாள் சாவி கொடுப்பது உங்கள் பொறுப்பு. சந்தனக் கிண்ணத்தோடு நான் சுற்றி வரும்போது சொல்வீர்கள்: "எல்லாத்துக்கும் பொட்டு வைங்க ஆசாரி, சாவிய மட்டும் விட்டுடுங்க. கை வழுக்குது." நான் வேண்டுமென்றே வைப்பேன். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பீர்கள்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன வருடம், விடிந்ததுமே பூசையை முடித்தேன். பழக்க தோஷத்தில் அந்தச் சாவிக்கும் பொட்டு வைத்துவிட்டு, ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. கருவிக்குச் சாவி கொடுக்க நீங்கள் இல்லை. பிழைப்பு போயிற்று என்று ஓடினேன்.

பூட்டு நான் போட்டபடியே இருந்தது. காவற்காரரைக் கேட்டேன்.

"யாரும் வரலங்க. பாயோட கதவுச் சாவியையும் அவங்க தம்பி உங்க கிட்டதானே கொடுத்தாரு," என்றார்.

உள்ளே கருவி ஓடிக்கொண்டிருந்தது. கோடு அறவில்லை. சாவி கொடுக்கும்போது பேனா லேசாக நடுங்குமே, அந்த நடுக்கம் முந்தைய நாள் எட்டு மணிக்கு நேராகப் பதிந்திருந்தது. சாவியில் பொட்டைக் காணோம், சுத்தமாகத் துடைத்திருந்தது. கிராம்பு வாசனை என் பிரமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முக்காலியில் உட்காரப் போனவன், அதை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

துரை தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஆறு பூசைகள் வந்து போய்விட்டன. ஒவ்வொரு முறையும் வழக்கத்தை மீறி, எட்டு மணிக்கு நானே சாவி கொடுக்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். நீங்கள் வந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமில்லை, பாய். நான் கொடுக்காமல் விட்டு, மறுநாள் கருவி நின்று கிடந்தால் என்ன செய்வேன்?

எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறேன். சாவிக்கு மட்டும் வைப்பதில்லை.