இரண்டுக்கும் ஒரே கசப்பு

அன்புள்ள அத்தைக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மூச்சு இளைப்புக்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். வழக்கமான சிகிச்சையோடு பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாமல் கசப்பு மட்டும் சேர்த்த வெறும் பாகு. இரண்டும் ஒரே கசப்பு. யாருக்கு எது என்று ஊற்றிக் கொடுக்கிற எனக்கே தெரியாது. பெற்றோரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் சேர்க்கிறோம்.

இன்று ஒரு தாய், "மூஞ்சிய எப்படிச் சுளிக்கிறான் பாருங்க சிஸ்டர்! எங்களுக்கு நெஜ மருந்தேதான்!" என்று சிரித்தாள். பாகும் அப்படித்தான் கசக்கும் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தோம். பையனின் வாயைத் துடைத்துவிட்டு நகர்ந்தேன்.

நான் பெற்று உங்களிடம் விட்டுவந்த நம் குட்டிக்கு இளைப்பு குறைந்ததா? மருந்து கொடுத்தால் அவள் எப்படி முகம் சுளிப்பாள் என்று எனக்குத் தெரியாது அத்தை. அதை மட்டுமாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்